தோள் விரிந்த பாட்டில்

கடையில் அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் தம்பி என்பேன். இருபத்தாறு வருஷம் அந்த ஒயின் கடையில் நான் கண்ணாடிக் கோப்பை கழுவினேன், அவர் அதில் ஊற்றியதை முகர்ந்தார். அவரைக் குடிகாரர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒரு மடக்கு வாயில் வைத்துச் சுழற்றி, வாளியில் துப்பிவிடுவார். சொட்டு உள்ளே இறங்காது. வாளியைக் கழுவியவள் நான், எனக்குத் தெரியாதா?

வியாழக்கிழமை சாயங்காலம் நீள மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் வந்து உட்காருவார்கள். நாலைந்து பிரெஞ்சு ஒயின் பாட்டிலுக்கு, ஒட்டிய சீட்டு தெரியாதபடி நான் துணிப்பை மாட்டி வைப்பேன். அவர் முகர்ந்து பார்த்து ஊர் சொல்வார்.

"இது அல்சாஸ். எலுமிச்சைத் தோலும் ஈரக்கல்லும் மணக்குது. கொஞ்சம் பொறுத்துக் குடிங்க."

பத்துப் பேரும் கண்ணை மூடி ஈரக்கல்லைத் தேடுவார்கள். மற்ற ஆறு நாளும் வேலை முடிந்தால் மாடியறையில் ஒற்றை நாற்காலி, ஒற்றைத் தட்டு. கல்யாணம் இல்லை. அண்ணன் ஒருவர் உண்டு, போனில்கூடப் பேச்சு இல்லை. அந்த மேசைதான் அவருக்குச் சொந்தபந்தம்.

போன குளிர்காலத்துக் காய்ச்சல் அவர் மூக்கிலிருந்த வாசனையை வாரிக்கொண்டு போய்விட்டது. யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. சொன்னால் வியாழக்கிழமை போய்விடும். மூன்று மாசம் முன்போலவே சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பினேன்.

பிறகு ஒரு வியாழன், மூன்றாவது பாட்டில். "போர்தோ," என்றார். "பென்சில் சீவின வாசனை வருது பாருங்க."

வாடிக்கைக்காரர் பல் டாக்டர் துணிப்பையை உருவிச் சீட்டைப் படித்தார். "மூக்கரே, இது தெற்குச் சீமை ஒயின். பஸ்ஸில தூங்கிட்டு வேற ஊர்ல இறங்கிட்டீங்களா?"

மேசை சிரித்தது. அவரும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்துத் தெரியாத நான் பாட்டிலை உடம்பு பார்த்துத்தான் அடுக்குவேன். தோள் விரிந்தது போர்தோ, தோள் சரிந்தது பர்கண்டி, ஒல்லிக்குச்சி அல்சாஸ். பைக்குள்ளும் தோள் தெரியும். தெற்கத்திக்காரர்கள் மட்டும் எந்த உடம்பிலும் ஊற்றுவார்கள். அதே பாட்டிலை அன்று காலையில்தான் போர்தோ அலமாரியில் வைத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அது கண்ணை நம்புகிற என் தப்பு. மூக்கு உள்ளவர் செய்கிற தப்பு இல்லை.

கோப்பை கழுவும் இடத்துக்கு அவர் வந்ததும் கேட்டேன். "எத்தனை நாளா, தம்பி?"

"என்னது?"

"என்கிட்ட வேணாம். நீங்க மோந்து சொல்லல, பாத்து சொன்னீங்க."

குழாயைத் திறந்தார், மூடினார். "சொல்லிடாதீங்கக்கா."

"நான் சொல்ல மாட்டேன். இனிமே பையும் மாட்ட மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

நான் பிடித்தால் பிடித்ததுதான்.

அடுத்த வியாழன் அவரே சொன்னார். எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். பல் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டார். முதலாளி கிடங்கில் வேலை கொடுத்தார். மேசையில் இப்போது ஒரு பெண் முகர்கிறாள். சும்மா வந்து உட்காரச் சொன்னார்கள், இவர் போகவில்லை. மூன்றாம் வாரம் யாரும் கூப்பிடவும் இல்லை.

நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனாலும் அந்த வாரம் மிச்ச ஒயினை இரண்டு கோப்பையில் ஊற்றி மாடிக்கு எடுத்துப்போனேன். நாற்காலியை எனக்குத் தந்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு மடக்கு வாயில் வைத்தார், பழக்கத்தில் வாளியைத் தேடினார், பிறகு விழுங்கினார்.

"எப்படி இருக்குக்கா?"

"புளிக்குது."

"அப்புறம்?"

"பொறுங்க தம்பி," என்று கோப்பையை மூக்கருகே கொண்டுபோனேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.