காக்காப்பொன் பிரித்த வருடம்

அறுபதுகளின் நடுவில் நான் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். புக்கித் தீமா கல்லுடைப்பிலிருந்து வரும் கருங்கல்லை நொறுக்கி, அதிலுள்ள கறுப்புக் காக்காப்பொன்னை, அதாவது மைக்காவை மட்டும் பிரிப்பது என் வேலை. தூளைக் காகிதத்தில் போட்டுச் சாய்த்துத் தட்டினால் மற்ற மணிகள் உருண்டோடிவிடும். காக்காப்பொன் செதில்கள் தட்டையாகப் படிந்து நிற்கும். அவற்றில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கிக் கண்ணாடி இழையின் நுனியில் ஒட்டி, எக்ஸ்ரே கருவியில் வைத்துப் படமெடுப்போம். செதிலின் உள்ளமைப்பு படத்தில் புள்ளிகளாக விழும்.

அந்த வருடம், கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் எனக்குக் குழந்தை இறந்து பிறந்தது. பெண் என்றார்கள். எனக்குக் காட்டவில்லை. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் கணவர்தான் கையெழுத்துப் போட்டார், அடக்கத்துக்கும் போனார். மூன்றாம் நாள் பால் சுரந்தது. ஃபேரர் பார்க்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பக்கத்து அறை அக்கா மல்லிகைப்பூவை வைத்து மாரை இறுக்கிக் கட்டினார்.

"ரெண்டு மூணு நாள்ல வத்திரும்," என்றார். வற்றியது.

மூன்றாவது வாரம் வேலைக்குப் போனேன். வீட்டில் இருப்பதும் அங்கே இருப்பதும் ஒன்றாகத்தான் தோன்றியது.

ஆராய்ச்சியை நடத்திய விரிவுரையாளர் கல் சேகரிக்க மலாயாவுக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அதுக்குள்ள வந்துட்டியாம்மா? என்ன குழந்தை?"

"பொம்பளப் புள்ள சார்."

"ரொம்ப சந்தோஷம்லா!"

மறுநாள் அவர் மனைவி கொடுத்தனுப்பியதாக ஒரு மஞ்சள் கவுனைக் கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டேன். மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. சொல்வதற்கான வார்த்தை எதுவும் எழும்பி வரவில்லை, அவ்வளவுதான். தினமும் காலையில், "பாப்பா எப்படி?" என்பார். "இருக்கா சார்," என்று சொல்லிவிட்டுச் செதில் பொறுக்கும் ஊசியை எடுப்பேன். வீட்டிலும் நாங்கள் அதைப் பேசியதில்லை.

ஒரு நாள் நான் வைத்த செதிலின் படத்தில் வழக்கமான புள்ளிகளுக்கு நடுவே கூடுதலாகச் சில புள்ளிகள் விழுந்திருந்தன. அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இங்க பாரும்மா. காக்காப்பொன்ல ஒவ்வொரு அடுக்கும் ஒரே மாதிரிதான். இரும்பு, மக்னீசியம் கூடக்குறைய இருக்கும். ஆனா ஒரு அடுக்கு மேல அடுத்தது எந்தப் பக்கம் திரும்பி உக்காருதுங்கிறது மாறும். இதுல மூணு அடுக்குக்கு ஒரு தரம் பழைய இடத்துக்கு வர்ற மாதிரி தெரியுது. உண்மையா இருந்தா நல்ல விஷயம். இல்லன்னா ரெண்டு செதில் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். ஒட்டறதுக்கு முன்னாடி மைக்ராஸ்கோப்ல திருப்பிப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. இல்லையென்று தலையாட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. "பரவால்லம்மா. பாப்பா தூங்க விட்டிருக்காது," என்றார்.

"பாப்பா இல்ல சார். செத்துத்தான் பொறந்துச்சு."

என் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. அவர் படத்தை மேசையில் வைத்தார். "வீட்டுக்குப் போறியாம்மா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சார். இன்னொன்னு வைக்கிறேன்."

அன்று பொறுக்கிய செதிலை மைக்ராஸ்கோப்பில் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். முழுக்க ஒரே நேரத்தில் இருண்டது, ஒரே நேரத்தில் வெளுத்தது, ஒற்றைச் செதில்தான். மறுநாள் கழுவிய படத்தில் கூடுதல் புள்ளிகள் இல்லை. எல்லா அடுக்கும் ஒரே பக்கமாக உட்கார்ந்த சாதாரண ஒற்றை அடுக்கு வகை. முந்தையது இரண்டு செதில் ஒட்டியதாகத்தான் இருக்கும் என்று அவர் அந்தப் படத்தின் குறிப்பை நோட்டில் அடித்துவிட்டார். எனக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை.

படம் கழுவிய அன்று மாலை சோறு போடும்போது கணவரிடம், "சார்கிட்ட சொல்லிட்டேன்," என்றேன்.

"எத?"

"புள்ளயப் பத்தி."

அவர் கை தட்டிலேயே நின்றது. "தலை நெறய முடி," என்றார். "உன்ன மாதிரி சுருட்டை."

பெண் என்பதற்கு மேல் அவளைப் பற்றி நான் கேட்ட முதல் செய்தி அது. மேலும் ஏதாவது சொல்வார் என்று கரண்டியோடு நின்றேன். பிறகு ரசத்தை ஊற்றினேன், அவர் சாப்பிட்டார். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.