ஒரு சிட்டிகைக் கருப்புப் பவுடர்

ஈரக் கண்ணாடிமேல் கல் தேயும் சத்தம் முதலில் பல்லைக் கூச வைக்கும், பிறகு பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அந்தக் "கர்ர்... கர்ர்..." தொடங்கியதும் அம்மா அடுப்படியிலிருந்து தன் தம்பியைப் பார்த்து, "அரைச்சி அரைச்சி ஒரு கரண்டி மாவுகூட தேறல, இன்னாத்துக்குடா இந்த வேல?" என்று கேட்பாள். சேகர் மாமா தேய்த்துக்கொண்டே இருப்பார். எழுபதுகளின் கடைசியில், கோயிலின் பேய்க் கோபுரத்துக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில், அவரும் எங்களோடு தங்கி ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். அவர் வயதுக்காரர்கள் சினிமாவும் சீட்டுக்கட்டுமாகத் திரிந்தபோது, இவருக்கு மெட்ராஸ் சிநேகிதன் ஒருவன் இந்தப் பைத்தியத்தைத் தொற்ற வைத்திருந்தான். வழியில் கிடக்கும் கல்லைப் பொறுக்கி, அடி தட்டையாகவும் மேல்பக்கம் குமிழாகவும் தேய்த்து, மோதிரத்தில் பதிக்கிற கல்லைப் போல மின்ன வைப்பது. விற்பதற்கல்ல, சும்மா வைத்துப் பார்ப்பதற்கு. அம்மா அவற்றுக்கு வைத்த பெயர் "கல் வடை".

வேலை ஒன்றும் பெரிய மர்மமில்லை. கல்லை ஒரு குச்சியின் முனையில் அரக்கை உருக்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். தடித்த கண்ணாடிப் பலகையில் தண்ணீரும் பவுடரும் விட்டுக் குச்சியைச் சாய்த்துச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். பவுடர் மூன்று டப்பாக்களில் இருந்தது. முதல் டப்பாவில் கரகரவென்ற கருப்புப் பவுடர், இரண்டாவதில் அதே கருப்பு நைசாக, மூன்றாவதில் மூக்குக்கண்ணாடி செய்பவர்கள் மெருகேற்றப் பயன்படுத்தும் இளஞ்சிவப்புப் பவுடர். அந்த மூன்றாவதை ஒரு மாட்டுத்தோல் துண்டில் தடவி, அதன்மேல் கல்லைத் தேய்த்தால்தான் பளபளப்பு வரும். ஒரு பவுடரிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் கல், குச்சி, கை, நகக்கண் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். "முரட்டுப் பவுடர்ல ஒரே ஒரு மணி இதுல வந்துட்டா போதும், மாசக்கணக்கா செஞ்ச வேல பூரா கீறல் வுழுந்து நாசம்" என்று மாமா நான் பக்கத்தில் போகும்போதெல்லாம் கத்துவார். தன்னை வீழ்த்தும் வழியை அவரே எனக்குத் தினமும் பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

அவர் எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை. "பொட்டப் புள்ளைக்கு இது எதுக்கு, போயி கோலம் போடு" என்பார். பார்த்தே கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அவர் அலுவலகத்திலிருந்து திரும்புவதற்குள், அவர் ஒதுக்கிவிட்ட விரிசல் கண்ணாடியில் தேய்ப்பேன். மலை சுற்றும் பாதையில் ரோடு போடக் கொட்டியிருந்த சல்லிக் குவியலில் வெல்லப்பாகு நிறத்தில் ஒரு கல் கிடைத்தது. அதன் குறுக்கே நூல் கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடு குமிழின் உச்சியில் சரியாக ஓட வேண்டும் என்பது என் பிடிவாதம். அதற்காக அடிப்பக்கத்தை நான்கு முறை தேய்த்துத் திருத்தினேன். அரைப் பரீட்சை லீவில் ஆரம்பித்தது, முழுப் பரீட்சைக்கு முன்னால்தான் முடிந்தது. விரல் நுனித் தோல் தேய்ந்து, ரசம் சோறு பிசைந்தால் எரியும். மூன்றாவது டப்பாவைத் தொடக் கூடாது என்பது மாமாவின் கட்டளை, தொட்டேன். கடைசியில் அந்தக் கல்லில் எங்கள் கிணற்று ராட்டினமும் என் மூக்கும் தெரிந்தன. என் வாழ்க்கையில் நான் முழுசாக முடித்த முதல் காரியம் அது.

ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்ததை மாமா கண்டுபிடித்தார். டப்பாவைத் தொட்டதற்கு அடிப்பார் என்று நினைத்தேன். அவரோ கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குடு, பாத்துட்டுத் தரேன்" என்றார். இரண்டு வாரம் தினமும் கேட்டேன். தினமும், "எங்க ஓடிடப் போவுது?" என்றார்.

ஓடித்தான் போயிருந்தது. கீழ்பென்னாத்தூரில் மாமாவுக்கு நிச்சயதார்த்தம். மணப்பெண் விஜயா, பிற்பாடு எனக்கு அத்தை. நிறைந்த கூடத்தில் அவர் ஒரு வெள்ளி மோதிரத்தை எடுத்து அவள் விரலில் போட்டார். வெல்லப்பாகு நிறம், உச்சியில் வெள்ளைக் கோடு. "கடையில வாங்கினது இல்ல. மூணு மாசம் என் கையாலயே இழைச்சது" என்றார். அத்தனை பேரும் அந்த விரலை எட்டிப் பார்த்தார்கள். அவள் வெட்கத்தோடு கையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

நான் எழுந்து நின்று, "அது நான் செஞ்ச கல்லு! மாமா பொய் சொல்றாரு!" என்று கத்தினேன்.

பெண் வீட்டுக் கிழவி ஒருத்தி, "பாவம், அக்கா மவளுக்கு மாமன வுட்டுக்குடுக்க மனசு வரல" என்றாள். அவ்வளவுதான், கூடமே வெடித்துச் சிரித்தது. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது எங்களில் சர்வ சாதாரணம். பதின்மூன்று வயதுப் பெண் மாமனின் நிச்சயதார்த்தத்தில் கத்தினால் அதற்கு அவர்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். கல் என்று சொன்னாலும் சிரித்தார்கள். அழுதேன், இன்னும் ஜாஸ்தியாகச் சிரித்தார்கள். உண்மை தெரிந்த ஒரே ஆளான மாமாவும் சிரித்தார். "அடுத்த ஜென்மத்துல பாத்துக்கலாம் வுடு புள்ள" என்று என் தலையைத் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் என் உச்சந்தலையில் இருக்கிறது. திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா என் தொடையைக் கிள்ளி, "மானத்த வாங்கிட்டியேடி" என்றாள்.

திங்கட்கிழமை அவர் அலுவலகம் போனதும் மூன்றாவது டப்பாவைத் திறந்தேன். முதலில் கொஞ்சம் சிவப்புப் பவுடரை ஒரு காலித் தைல பாட்டிலில் எனக்கென்று எடுத்து மூடி வைத்தேன். பிறகு முதல் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை, ஒரே சிட்டிகை, கருப்பை எடுத்துப் போட்டு, கருப்பு துளியும் தெரியாதவரை கரண்டிக் காம்பால் கலக்கினேன். அதன் பின் கையையும் நகக்கண்ணையும் நன்றாகக் கழுவினேன். மாமாவின் சட்டத்தை மீறவில்லை பாருங்கள்.

மோதிரத்தைப் பார்த்து மயங்கிய பெண் வீட்டார், மாமனாருக்கு ஒன்று, மைத்துனனுக்கு ஒன்று என்று கல் கேட்டிருந்தார்கள். மாமாவும் கல்யாணத்துக்குள் தருகிறேன் என்று பெருமையாக வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு கல்லும் தேறவில்லை. எவ்வளவு தேய்த்தாலும் மேலே பூனை பிறாண்டியது போலக் கீறல். தோலை மாற்றினார். தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டினார். அதிலும் கீறல். வேலூரிலிருந்து புதுப் பவுடர் வாங்கி வந்தார். அதற்கும் ஒரு சிட்டிகை போட்டேன். "கம்பெனி சரியில்ல, கலப்படம் பண்றானுங்க" என்று அம்மாவிடம் புலம்பினார். "மாப்ள வடை இன்னும் வேவலியா?" என்று அம்மா வைத்த பெயரைப் பிடித்துக்கொண்டு பெண் வீட்டில் கேட்கத் தொடங்கினார்கள். கல்யாணத்தன்று மாமனாருக்குக் கடைக் கல்லைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்த தாவணியில் நான் சமாதானமாகிவிட்டேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நான் அன்று இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். அதற்கப்புறம் அவர் கல்லைத் தொடவில்லை. கண்ணாடிப் பலகை கிணற்றடியில் துவைக்கிற சோப்பு வைக்க ஆயிற்று.

அதற்கு நான் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன். தைல பாட்டில் பவுடரில் இன்னும் மூன்று கல் செய்தேன். மூன்றும் முதல் கல்லைவிட நன்றாக வந்தன. ஒன்றைக் காட்டினால் போதும், கீழ்பென்னாத்தூர் மோதிரம் யார் கைவேலை என்று ஊருக்கே விளங்கியிருக்கும். ஆனால் மாமாவின் பவுடரில் வராத மெருகு எனக்கு மட்டும் எப்படி வந்தது என்று அவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். பழி தீர்த்தது வெளியே தெரியாமல் இருக்க, என் திறமையும் வெளியே தெரியக் கூடாது என்று ஆகிவிட்டது. மூன்றையும் துணியில் முடிந்து துணிகளுக்கு அடியில் போட்டேன். இன்றும் என் பீரோவில் அப்படியேதான் கிடக்கின்றன. இருந்தாலும் செய்ததற்கு வருத்தப்பட்டேனா என்றால், இல்லை. ஒரு நாள்கூட இல்லை.

போன மாதம் வேங்கிக்காலில் மாமாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். நாங்கள் இருந்த வாடகை வீடு இப்போது லாட்ஜ். கிணற்றை மூடி அதன்மேல் பைக் நிறுத்துகிறார்கள். விஜயா அத்தை இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மாமா அந்த மோதிரத்தை எடுத்துத் தன் பேத்தியிடம் கொடுத்தார். கல் கொஞ்சமும் மங்கவில்லை. அவள், "தாத்தா, நீயே செஞ்சதாமே?" என்று கேட்டாள்.

"நான் இல்லம்மா. இதோ உக்காந்திருக்காளே சுமதி, இவ செஞ்சது. உங்க பாட்டி இருக்கிறவரைக்கும் சொல்ல வாய் வரல."

நாற்பது வருடத்துக்கு மேலாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. ஆனால் அதைக் கேட்க வேண்டியவர்கள் அந்த அறையில் இல்லை. அன்று சிரித்த கிழவி, தொடையைக் கிள்ளிய அம்மா, கையை வெளிச்சத்துக்குத் திருப்பிய அத்தை, ஒருவரும் இல்லை. பேத்தி, "அப்டியா, சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கத் தொடங்கினாள்.

மாமா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். "ஆனா ஒண்ணு சுமதி. அதுக்கப்புறம் எனக்கு ஒரு கல்லுகூட வரலியே. நானும் எப்படி எப்படியோ செஞ்சி பாத்தேன். என் கைதான் சரியில்லியோன்னு இன்னிக்கும் தோணுது. ஏன்னே புரியல."

நான் டம்ளரில் மீதியிருந்த காப்பியைக் குடித்து முடித்தேன்.

"கம்பெனி சரியில்ல மாமா" என்றேன்.