பத்து மணிக்கு முடிவெட்ட வரும் பெண்

கத்திரி ஒரு வாடிக்கையாளரின் தலைக்கு டை பூசிக்கொண்டிருந்தாள். சீப்பின் வால் முடியை வகிர்ந்துகொண்டே போக, பின்னாலேயே வந்த பிரஷ் நரையின் மேல் சாயத்தை ஒற்றியது. கத்திரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தொழிலுக்குப் பாதி, வாய்க்குப் பாதி என்று தெருவே சேர்ந்து வைத்தது.

அவள் அக்கா உள்ளே வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“என்ன, சம்பந்தம் பேச வந்த மாதிரி உக்காந்திருக்கே?”

“அவங்க கிளம்பட்டும், சொல்றேன்.”

தலையை அலசி, உலர்த்தி, வாடிக்கையாளரை அனுப்பி ஆயிற்று. கடையின் இன்னொரு பாதிக்குச் சொந்தக்காரி மட்டும் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். பங்கு போட்டவள் என்பதால் கத்திரி அவளைப் பங்காளி என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குத் தெரியாத ரகசியம் கத்திரியிடம் கிடையாது. அதனால் அக்கா குரலைத் தாழ்த்தவில்லை.

“உன் பொண்ணைக் கண்டுபிடிச்சிட்டேன்டி.”

கத்திரி பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துக் குழாயை மூடினாள்.

கல்யாணத்துக்கு முன்னால் பெற்ற பிள்ளை அது. தத்து அலுவலகத்தில் அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். வீட்டார் சொல்லியா வந்தாய், உனக்கே சம்மதமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சம்மதம்தான் என்றாள். இந்த வீட்டுக்கு அந்த வீட்டின் பெயரோ முகவரியோ தெரியாது. அந்த வீட்டுக்கும் இவளைத் தெரியாது. அந்த ஏற்பாட்டை அவளே கேட்டு வாங்கினாள். வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் வளர்க்கும் தாய் பயந்து எட்டிப்பார்க்கக் கூடாது, தானும் கூடாது என்று நினைத்தாள். பெண் வளர்ந்து, அவளாகவே வந்து கேட்டால், அலுவலகம் இவளைக் கூப்பிடும். அதற்குச் சரி என்று சொல்லிவைத்திருந்தாள். கட்டிக்கொண்டவனிடம் முகூர்த்தத்துக்கு முன்பே எல்லாம் சொன்னாள். அதன் பிறகு சாலையில் எந்தப் பிள்ளையின் முகத்தையும் அவள் தேடியதில்லை. அப்படி இருக்கப் பழகுவதற்குள் பல வருஷம் போய்விட்டது.

“யாரு சொன்னது உனக்கு?”

“என் ஓரகத்தியோட சிநேகிதி அந்தத் தத்து ஆபீஸ்லதான் வேலை பாக்கிறா. பேச்சுவாக்குல வந்திச்சு.”

“பேச்சுவாக்குல வர்ற விஷயமா இது?”

“கேளேன். வளர்க்கிற அம்மா பொண்ணை நீச்சல் குளத்துக்குக் கூட்டிட்டு வர்றாங்க. நானும் போய்ச் சேர்ந்தேன்.”

“உங்களுக்கு நீந்தத் தெரியுமா?” என்றாள் பங்காளி.

“தெரியாது. ஓரத்துல கம்பியைப் பிடிச்சிட்டு நின்னேன். அப்படியே பழக்கமாயிட்டோம். என் தங்கச்சி முடி நல்லா வெட்டுவான்னு சொல்லிவச்சேன். நாளைக்குப் பத்து மணிக்கு வர்றாங்க. பேரு கூட...”

“பேரைச் சொன்னே, மரியாதை கெட்டுடும்.”

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. துண்டு மடித்த பங்காளியின் கையும் நின்றது. நேற்று ஒரு புது ஆள் தன் பெண்ணுக்காக நேரம் கேட்டபோது, போனை எடுத்தவள் பங்காளிதான்.

“எதுக்குடி கோவம்? நீ ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா பாரு. தலையைத் தொட்டு வெட்டிவிடு. அவங்களுக்குத் தெரியவே போறதில்ல.”

“அதுதான் அசிங்கம். அது ஒண்ணும் தெரியாம என் கையில தலையைக் கொடுத்துட்டு உக்காந்திருக்கும். நான் பின்னால நின்னு திருட்டுத்தனமா பாத்துட்டிருப்பேன். அது என்ன காட்சிப் பொருளா? அந்தம்மா உன்னை நம்பி வர்றாங்க. உனக்கு வெக்கமா இல்லை?”

“பெத்தவ நீ. உனக்கு உரிமை இல்லையா?”

“இல்லை. நானே விட்டுக் கொடுத்தேன், யோசிச்சுத்தான் கொடுத்தேன். நீ யாரு அதைத் திருப்பி வாங்க?”

“உனக்காகத்தானடி அலைஞ்சேன்.”

“எனக்காகவா? நான் எப்பவாவது கேட்டேனா?”

அக்கா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “ஆஸ்பத்திரியில நீ தூக்கலை. நான்தான் தூக்கினேன். ரெண்டு நாளும் என் தோள்லதான் தூங்கிச்சு.”

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கத்திரிக்குக் கோபம் இறங்கவில்லை, ஏறியது. இத்தனை வருஷம் தங்கச்சி பேரைச் சொல்லி இவள் தன் ஏக்கத்தை வளர்த்திருக்கிறாள்.

“அதை அப்பவே அழுது தீர்த்திருக்கணும். நீ அழறதுக்கு என் கடை நாற்காலிதான் கிடைச்சுதா?”

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கத்திரி பங்காளியிடம் திரும்பினாள்.

“அந்த நம்பருக்கு நீயே பேசு. நாளைக்குக் கடை இல்லைன்னு சொல்லு. பேரு என் காதுல விழ வேண்டாம்.”

“பொய்யா?”

“எதுக்குப் பொய்? கடையை மூடிடுவோம்.”

மறுநாள் காலை கத்திரி அக்கா வீட்டு வாசலில் போய் நின்றாள். அக்கா இன்னும் தலை கூட வாரியிருக்கவில்லை.

“கிளம்பு. தத்து ஆபீசுக்குப் போறோம். யாரு சொன்னா, நீ என்ன செஞ்சேன்னு உன் வாயால சொல்லணும்.”

“விஷயம் சொன்ன பொண்ணுக்கு வேலை போயிடும்டி.”

“போகட்டும். அங்க இன்னும் எத்தனை பேரோட வாழ்க்கை இருக்கு, தெரியுமா?”

பேருந்தில் இருவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தார்கள். அலுவலகத்தில் அதிகாரியம்மா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். அக்கா திக்கித் திணறி எல்லாம் சொன்னாள். குளத்தில் பெண்ணை எடுத்துப் போனில் வைத்திருந்த படங்களை அவர் எதிரிலேயே அழித்தாள்.

“வளர்க்கிறவங்களுக்கு நாங்க தெரிவிச்சாகணும்,” என்றார் அதிகாரியம்மா. “உங்க பேரைச் சொல்ல மாட்டோம். ஆனா குளத்துல பழகினவங்க, அவங்க தங்கச்சி கடை... அவங்களே யூகிச்சிடுவாங்க. உங்க ரகசியம் உங்களோட இருக்கும்னு இனிமே என்னால உறுதி சொல்ல முடியாது.”

கத்திரிக்கு அது இரவே உறைத்திருந்தது. கடை இருக்கும் தெரு, பள்ளியில் படிக்கும் மகன், ஒன்றும் தெரியாத மாமியார் எல்லாரும் மனதில் வந்து போனார்கள். அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

“சொல்லுங்க,” என்றாள். “அவங்க பொண்ணை ஒருத்தர் வேவு பாத்திருக்காங்க. அவங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும். யூகிச்சா யூகிக்கட்டும். நான் அவங்க பக்கம் வர மாட்டேன்னு மட்டும் சேர்த்துச் சொல்லுங்க.”

அதிகாரியம்மா போனை எடுத்தார். கத்திரி எழுந்துகொண்டாள்.

“நானும் வரேன்டி,” என்றாள் அக்கா.

“நீ இரு. அந்தம்மா ஏதாவது கேட்டா நீதான் பதில் சொல்லணும்.”

கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கினாள். மகனை அன்று மதியமே பள்ளியிலிருந்து கூட்டிவந்து, வேறு யாரும் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று, பள்ளிக்கூடம் போகும் பேருந்தில் ஏறினாள்.