டிக்கிக்குள் ஒரு நிச்சயதார்த்தம்

போன சனிக்கிழமை ஒரு நிச்சயதார்த்தத்தை மரக் காரின் டிக்கிக்குள் வைத்து மூடிவிட்டேன். மறுநாள் திறக்க வரவில்லை.

பதறாதீர்கள். பதறுகிற வேலையை எல்லோர் சார்பிலும் நானே செய்து முடித்தாயிற்று.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு மரத்தில் கார் செய்கிற பைத்தியம் உண்டு. கயிறு கட்டி இழுக்கிற பொம்மை இல்லை ஐயா! பிளான் பார்த்து, அளவு பிசகாமல், கதவு திறந்து, ஸ்டியரிங் திரும்புகிற கார். டில்லி தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிறுதோறும் குவித்துப் போடுகிற பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகளில் இந்தப் பிளான்கள் கிடைக்கும். கீர்த்தி நகர் மரக் கடையில் தேவதாருத் துண்டுகள் கிடைக்கும். ஆபீஸ் விட்டு வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, உப்புத்தாளை எடுத்தேன் என்றால் எங்கள் கிட்வாய் நகர் வீட்டில் மூக்கு, முழங்கை, மோர்ச்சட்டி எல்லாம் மரத்தூள்.

"இன்னிக்கு ரசத்துக்கு மிளகு போடலை. உங்க தூளே போறும்" என்பாள் என் மனைவி.

இந்த முறை செய்தது அந்தக் காலத்து இங்கிலீஷ் கார். நீண்ட பானெட், முட்டைக்கண் விளக்குகள், பித்தளைக் கீலில் திறக்கிற டிக்கி. பிளானின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு – டிக்கி மூடிக்கும் பாடிக்கும் நடுவே ஒரு போஸ்ட் கார்டு கனத்துக்கு இடைவெளி விடவும்.

இடைவெளியா? நானா? வெள்ளைக்காரனுக்குக் கை நடுக்கம் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். மே மாதத்து அனல் காற்றில் அப்பளமாகக் காய்ந்திருந்த மரம். தேய்த்துத் தேய்த்து, எறும்பு எட்டிப் பார்க்க முடியாதபடி மூடியைப் பொருத்தினேன். மூடினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள்... சங்கீதம்! வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் அந்த 'டக்'கைக் கேட்காமல் காபி குடித்ததில்லை.

மாடி வீட்டு வைத்தியநாதனும் கேட்டார். அவர் பெண் உமாவுக்குக் கரோல்பாக்கில் வரன் அமைந்து, ஆடி பிறப்பதற்குள் நிச்சயதார்த்தத்தை முடித்துவிட வேண்டுமென்று பறந்துகொண்டிருந்தார். நாம்தான் டில்லிக்கு வந்தும் ஆடியை மூட்டை கட்டிக் கொண்டுவந்திருக்கிறோமே! ஆடிக்கு முன்னால் அவசரம் அவசரமாக வைக்கிற விசேஷமெல்லாம் இந்த ஊரில் நேராகப் போய் முதல் மழையில் முட்டிக்கொள்ளும். இது யாருக்கும் உறைப்பதில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

"மாப்பிள்ளை மோதிரத்தைத் தட்டுல வெச்சா குடுக்கப் போறீர்? கார்ல வரட்டும் ஓய்!" என்றேன். யாரும் கேட்காமல்.

வைத்தியநாதன் தயங்கினார். "பிள்ளையாத்துக்காரா ஏதாவது நெனச்சுப்பாளோ?"

"என்ன நெனச்சுப்பா? பொண்ணாத்துல கார் குடுத்தான்னு ஊரெல்லாம் சொல்லிப்பா!"

சனிக்கிழமை மத்தியானம் டிக்கியில் பஞ்சு பரப்பி மோதிரத்தைப் படுக்க வைத்தேன். 'டக்'.

சாயங்காலம் மழை வந்தது. இரண்டு மாதம் வெந்துபோன ஊர் முதல் மழையை எப்படிக் கொண்டாடும் என்று உங்களுக்குத் தெரியும். ஜன்னல்களையெல்லாம் விரியத் திறந்துவிட்டு, சாரலில் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். ஜன்னல் மேடையில் இருந்த காரும் என்னோடு சேர்ந்து நனையாமல் நனைந்தது.

மறுநாள் மாடி வீட்டு ஹால். சோபாவின் நட்ட நடுவில் மாப்பிள்ளையின் அம்மா. கேசரியை ஸ்பூனால் புரட்டிப் பார்த்து முந்திரியை எண்ணுகிற ரகம். பக்கத்தில் மாப்பிள்ளை ரவி – ஃபரீதாபாத்தில் என்ஜினீயர், வாயைத் திறக்காத சாது. சாஸ்திரிகள் லக்னப் பத்திரிகை வாசித்து முடித்து, "மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டுடலாம். நாலரைக்கு ராகு காலம்" என்றார்.

நான் காரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உற்சவர் மாதிரி நடந்து வந்தேன். ஆஹா ஊஹூ என்றார்கள். டிக்கியை விரலால் தூக்கினேன்.

வரவில்லை.

சிரித்தேன். மறுபடி தூக்கினேன். நகம்தான் வந்தது.

ஈரம் குடித்த தேவதாரு உப்பிக்கொண்டு, மூடியும் பாடியும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு விட்டன. போஸ்ட் கார்டு! அந்த வெள்ளைக்காரன் கண் முன்னால் வந்து நின்றான். அவன் கை நடுங்கவில்லை. என் கைதான் நடுங்கியது.

"என்ன சார்?" என்றார் வைத்தியநாதன்.

"ஒண்ணுமில்லை. சின்ன... டைட்."

வெண்ணெய்க் கத்தி வந்தது. வளைந்தது. தேங்காயெண்ணெய் வந்தது. வழிந்து என் புது வேட்டியில் இறங்கியது. யாரோ டேபிள் ஃபேனைத் திருப்பினார்கள்; சாஸ்திரிகளின் பத்திரிகை பறந்தது. எதிர் வீட்டு மல்ஹோத்ரா இதற்காகவே காத்திருந்தவர்போல ஒரு சுத்தியலோடு வந்து நின்றார். "பாய் சாப், ஏக் ஹீ சோட் மே குல் ஜாயேகா!" ஒரே அடியில் திறந்துவிடுமாம்! நான் காரை மார்போடு அணைத்துக்கொண்டேன். அந்த டிக்கி ஒன்றை மட்டும் இழைக்க ஒரு மாதம் ஆகியிருந்தது, தெரியுமா?

என் மனைவி காதருகில் வந்தாள். "ஏன்னா, காரா, கல்யாணமா? சீக்கிரம் சொல்லுங்கோ."

யோசித்தேன். அதுதான் வெட்கக்கேடு – நிஜமாகவே யோசித்தேன்!

அப்போதுதான் சோபாவிலிருந்து மாப்பிள்ளை அம்மாவின் குரல் கேட்டது. "மோதிரமே வெளில வரமாட்டேன்னு அடம் பிடிக்கறதே... எனக்கென்னவோ மனசுக்கு சரியாப் படலை. வேணும்னா ஆடி போகட்டும். ஆவணியில பாத்துக்கலாமே."

ஆவணியில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்? நடுவில் வேறு ஜாதகமும் பார்க்கலாம் என்று அர்த்தம். வைத்தியநாதன் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை; வெறுமனே பார்த்தார். ஒரு பெண்ணின் கல்யாணத்தை என் ஒரு 'டக்' முடித்துவிடப் போகிறதா?

உள்ளறையிலிருந்து பட்டுப்புடவை சரசரக்க உமா வந்தாள். மோதி பாக் ஸ்கூலில் தமிழ் படித்தவள்தான். ஆனால் கோபம் வந்தால் ஹிந்திதான்.

"அங்கிள், ஹட்டியே, தள்ளிக்கோங்கோ. குடுங்கோ இப்படி."

காரை வாங்கித் தரையில் வைத்தாள். நேராக மாப்பிள்ளையைப் பார்த்தாள். "சும்மா உக்காந்திருக்கேளே, முன்னாடி கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோ."

சாது எழுந்து வந்து மண்டியிட்டது. "இல்லை, நீங்க பானெட்டைப் பிடிங்கோ, நான் டிக்கியை நெம்பறேன். அங்கேதான் ஃபோர்ஸ் ஜாஸ்தி வேணும்."

"எனக்குத் தெம்பு இருக்கு. நீங்க பிடிங்கோ போறும்."

"மெட்டீரியல் உடைஞ்சுடும்..."

"உடையட்டுமே! அங்கிள், உளி?"

என்னிடம் கேட்டாள். என்னிடமே! இத்தனை நேரம் வேட்டி மடிப்பில் ஒளித்து வைத்திருந்த உளியைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவன் மாதிரி.

ஒரு 'சடக்'. மூடி இரண்டாகப் பிளந்து ஒரு பாதி ஜாங்கிரித் தட்டில் போய் உட்கார்ந்தது. மோதிரம் எகிறி விழுந்து, மொஸைக் தரையில் கிணுகிணு என்று உருண்டு, மல்ஹோத்ராவின் காலைச் சுற்றி, சாஸ்திரிகளைத் தாண்டி... சோபாவுக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. மாப்பிள்ளையின் அம்மாவுடைய கால் விரலுக்குப் பக்கத்தில்.

சாஸ்திரிகள் மணியைப் பார்த்தார்.

அந்த அம்மாள் குனிந்து எடுத்தாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள். முகம் மெல்ல மலர்ந்தது. "பாத்தேளா? இத்தனை பேர் இருக்கா. நேரா எங்கிட்டே வந்து நிக்கறது! இந்தப் பொண்ணு எங்காத்துக்குன்னே பொறந்தவ. சாஸ்திரிகளே, என்ன வேடிக்கை? மந்திரத்தைச் சொல்லுங்கோ, ஜல்தி!"

சகுனம் என்பது என்ன? எந்தப் பக்கம் உருண்டது என்பதுதான் போலிருக்கிறது. மொஸைக் போட்ட கான்ட்ராக்டர் தரையை அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வாகப் போட்டிருந்தான். அவன் நன்றாக இருக்கட்டும்.

நாலரைக்குள் மோதிரம் ஏறிவிட்டது. சாதுவும் உமாவும் ஒரு ஓரத்தில் 'உடைந்தது யார் நெம்பின விதத்தில்' என்று இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் ஜாங்கிரித் தட்டிலிருந்து மூடியின் பாதியை எடுத்து, பாகைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது வைத்தியநாதன் என் தோளைத் தட்டினார். "அடுத்த வருஷம் சின்னவளுக்குப் பாக்கணும். அதுக்கும் நீங்கதான் சார் பண்ணித் தரணும்."

நான் மார்பை நிமிர்த்திக்கொண்டேன். "என்ன கார் வேணும், சொல்லும் ஓய்!"

"கார் வேண்டாம் சார். லாரி பண்ணுங்கோ. மேல மூடியே இல்லாத லாரி."