ஓடைப் புறம்போக்கில் நின்ற லிங்கன்

திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் வெயிலம்மாள் இரண்டு நாள் உயிரோடு இருந்தாள். கூட இருந்தது மகள் செல்வமாரி மட்டும்தான். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

"பின்வாசல்ல பெட்டிய அடுக்கிப் போட்டிருந்தாவ மாரி. தள்ளித் தள்ளிப் பாத்தோம்" என்று வெயிலம்மாள் மூன்று தடவை சொன்னாள். வேறெதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

நாகலாபுரம் போகிற வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த தீப்பெட்டி ஆலை அது. அந்தத் தீயில் மூன்று பெண்கள் செத்தார்கள். விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் முதலாளி ராஜமணி, மருந்து முக்கிக் காயவைத்திருந்த குச்சிச் சட்டங்களை வெயிலம்மாள் தரையோடு இழுத்ததால் தீப்பற்றியது என்று எழுதிக் கொடுத்தார். செத்தவள் எழுந்து வந்து இல்லையென்று சொல்லவா போகிறாள்? கோப்பை மூடிவிட்டார்கள்.

ஊரும் நம்பியது. செத்த இன்னொருத்தி முத்துமாரியம்மாளின் ஒரே மகள். கருமாதி அன்றைக்கு முத்துமாரியம்மாள் செல்வமாரியின் வாசலில் வந்து நின்று, "ஒங்காத்தா போனது போதாதுன்னு எம்பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிட்டாளே" என்று மண்ணை வாரித் தூற்றினாள். அந்த மண் யார் தலையில் விழ வேண்டும் என்பது செல்வமாரிக்குத் தெரியும்.

கோவில்பட்டியில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பட்டா மாறுதல், ஆக்கிரமிப்பு, வரப்புச் சண்டை என்று ஒரு நாளைக்கு நூறு மனுக்கள் அவள் கையில் ஏறி இறங்கும். மெஷின் ஓடுகிற நேரத்தில் ஒவ்வொன்றையும் படித்துவிடுவாள். எந்தக் காகிதம் நகரும், எது மேசையிலேயே சாகும் என்று பிடிபட்டது. தீ விபத்தைத் திரும்ப விசாரிக்கச் சொல்லி அவள் போட்ட மனுக்கள் எல்லாம் 'முடிவுற்ற கோப்பு' என்று திரும்பி வந்தன. மாப்பிள்ளை வந்தபோதெல்லாம் தட்டிக் கழித்தாள். ராஜமணியை எதில் பிடிக்கலாம் என்ற யோசனையிலேயே ஏழு வருசம் போயிற்று.

பிடி கொடுத்தவர் ராஜமணியே. மகள் வீட்டில் தங்க அமெரிக்கா போயிருந்தவர், அங்கே ஒரு கோர்ட்டு வாசலில் ஆபிரகாம் லிங்கன் சிலையைப் பார்த்திருக்கிறார். அடிமைகளை விடுவித்த ஜனாதிபதி என்று மருமகன் விளக்கிச் சொல்ல, ஊர் திரும்பியதும் சுவாமிமலையில் ஒன்பதடி உயரத்தில் அதேபோல வெண்கலத்தில் வார்க்கச் சொல்லிவிட்டார். ஊருக்குள் திரும்புகிற முக்கில் பீடம் கட்டி நிறுத்தினார். திறப்பு விழாவுக்கு மேளம், பந்தல், சாப்பாடு. ஆலைப் பெண்களை வரிசையாக நிற்க வைத்துப் பூத்தூவச் சொன்னார்கள்.

"இந்த வெயில்ல கோட்டு போட்டுட்டு நிக்காவளே" என்று பெண்கள் சிரித்தார்கள்.

கூட்டத்தில் நின்று செல்வமாரி கல்வெட்டைப் படித்தாள். 'உழைப்பவரை மனிதராக மதித்தவர்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில் ராஜமணியின் பெயர்.

மறுநாளே நில வரைபடத்துக்கு மனுப் போட்டாள். பீடம் இருந்த இடம் ஓடைப் புறம்போக்கு. சிலைக்கு அரசு அனுமதியும் வாங்கியிருக்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு பதிலாக வாங்கினாள். எல்லாவற்றையும் தைத்து எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய் உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குப் போட்டாள். வழக்கு இரண்டு வருசம் நடந்தது.

தீர்ப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது ராஜமணி ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். வயது எழுபத்தாறு. கைத்தடியோடு படியேறி, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தாயி, எம்பேரு சொல்ல மிஞ்சுதது அது ஒண்ணுதான். வாபஸ் வாங்கிரு."

எல்லாரும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அப்படிக் கூப்பிடவில்லை.

"எங்கம்மா பேரு எங்க அண்ணாச்சி?"

அவள் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள்.

"ஊர்ல எல்லாரும் இருக்கையில வந்து சொல்லுங்க. பின்வாசல அடைச்சது யாருன்னு."

"சொன்னா விட்ருவியா?"

"மொதல்ல சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. செல்வமாரி எல்லாரும் பார்க்கும்படி செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். ராஜமணி கைத்தடியை ஊன்றி முன்னால் வந்து நின்றார்.

"சரக்கு வைக்க எடமில்லன்னு பின்வாசல அடைக்கச் சொன்னது நாந்தான். வெயிலம்மா மேல ஒரு தப்பும் கெடையாது."

முத்துமாரியம்மாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ராஜமணி செல்வமாரி பக்கம் திரும்பினார்.

"இனி வாபஸ் வாங்கிருவேல்லா?"

"வாங்க மாட்டேன். நீங்க சொன்னது எங்கம்மாவுக்கு. வழக்கு எனக்கு."

தீர்ப்பு வந்தது. பங்குனி மாதத்து உச்சி வெயிலில் கிரேன் வந்தது. லீவு போட்டு வந்து நின்ற செல்வமாரிக்குப் பக்கத்தில், ஒன்பது வருசம் அவளோடு பேசாத முத்துமாரியம்மாள் வந்து நின்றாள். வேலையாட்கள் சிலையின் இடுப்பில் கயிறு கட்டினார்கள்.

"ஏலே, கழுத்துல கட்டுங்கலே" என்றாள் முத்துமாரியம்மாள்.

தூரத்தில் காருக்குள் இருந்த ராஜமணி இறங்கவேயில்லை. லாரியில் சாக்கு விரித்து வெண்கல மனிதரை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். செல்வமாரி சக்கரத்தில் கால் வைத்து ஏறி, அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இவிய மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அன்றைக்கு மத்தியானம் மறுசோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இதோடு முடிந்தது என்று ஊர் நினைத்தது. அடுத்த வாரமே கோயில் முன்னால் எடுத்த வீடியோவை வைத்து, தீ விபத்து வழக்கைத் திறக்கச் சொல்லி மறுபடி மனுப் போட்டாள். இந்தத் தடவை காகிதம் நகர்ந்தது. இப்போது வாய்தாவுக்கு வாய்தா ராஜமணி பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுப் படியேறுகிறார். செல்வமாரியும் முத்துமாரியம்மாளும் முன்பெஞ்சில் இருக்கிறார்கள்.

"வயசான மனுசன், விட்ருட்டி" என்று சொன்ன சொந்தக்காரர்களுக்கு அவள் ஒரே பதில்தான் வைத்திருக்கிறாள்.

"செயில்ல வயசானவியளுக்குப் பாய் குடுப்பாவளாம். விசாரிச்சுட்டேன்."