சுபேதார் வீட்டுக்குப் பூட்ஸோடு போனோம்

சுபேதார் வீரணன் இறந்த செய்தியைக் கொண்டுவந்தவர் காத்தான் மாமா. அப்பாவும் அவரும் ஒன்றாகப் பட்டாளத்துக்குப் போனவர்கள். நான் வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தேன்.

"சுபேதார் போயிட்டாரு மாப்ள" என்றார். மாமா அடுத்ததையும் சொன்னார். "நாட்டாண்மை சொல்லிவிட்டிருக்காரு. கீழத்தெரு ஆளுக தாராளமாச் சாவு வீட்டுக்குத் துட்டி கேக்க வரலாமாம். பூட்ஸ மட்டும் மேலத்தெரு முக்குலயே கழட்டிப் போட்டுட்டு வரணுமாம்."

முதல் செய்திக்கு எனக்கு அழுகை வந்தது. இரண்டாவது செய்தியைக் கேட்டதும் அது நின்றுவிட்டது.

நம் பட்டாளத்தார் சங்கம் நடத்தும் இரங்கல் கூட்டத்துக்கு நாட்டாண்மையும் வருகிறாராம். சுபேதாரைத் தங்கமான மனுசர், சாது என்று பேசப்போகிறாராம். எனக்கு நாலு பேர் முன்னால் நின்றால் வாய் வராது. அதனால் எழுதித் தருகிறேன். காத்தான் மாமா வாசிக்கட்டும். சுபேதார் சாது இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பர்மாவில் சண்டை மூண்ட சமயத்தில் அவர் எங்கள் தெருவுக்கு ஆள் சேர்க்க வந்தார். முந்தின சண்டையில் பாஸ்ரா வரைக்கும் போய், சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராகத் திரும்பியவர். மேலத்தெருக்காரர். மேலத்தெருவில் எங்கள் ஆட்கள் காலில் எதையும் போட்டு நடக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அவர் புளியமரத்தடியில் நின்று, "மூணு வேளைச் சோறு, காலுக்குப் பூட்ஸ். திரும்பி வந்தா மதிப்பா நடக்கலாம்" என்றார்.

"மேலத்தெருவுலயுமா அய்யா?" என்று கேட்டது என் அப்பா.

"சர்க்கார் உடுப்புப் போட்டவனை எவன்டா தடுப்பான்? நான் சொல்றேன், வா."

அப்பா போனார். வலது காலை முழங்காலுக்குக் கீழே பர்மாவில் விட்டுவிட்டு வந்தார். ஆஸ்பத்திரியில் மரக்கால் வைத்து, அதன் அடியிலும் ஒரு பூட்ஸை ஆணியடித்து இறுக்கியிருந்தார்கள். பஸ் நிற்பது மேலத்தெருவில். அம்மாவும் நானும் கூப்பிடப் போயிருந்தோம். அப்பா உடுப்போடு இறங்கியதும் நாட்டாண்மையின் ஆட்கள் சுற்றிக்கொண்டார்கள். இடது காலில் இருந்ததைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அவர்கள் மரக்காலைக் காட்டினார்கள்.

"அது மரத்தோட சேத்து அடிச்சதுங்க."

"அப்ப மரத்தோட கழட்டு."

அப்பா தரையில் உட்கார்ந்து வாரை அவிழ்த்தார். ஊர் முழுக்கப் பார்க்க, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்தார். மரக்காலை நான் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். கடைக்குப் போனாலும் பஸ்ஸுக்குப் போனாலும் மேலத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். முக்கில் குனிந்து வாரை அவிழ்க்கவும் காலைத் தூக்கிக்கொண்டு கூட நடக்கவும் ஓர் ஆள் வேண்டும். அதற்காகத்தான் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன்.

அன்று சுபேதார் மதுரைக்குப் போயிருந்தார். மறுநாள் கேள்விப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. "நீங்க சொன்ன மதிப்பு இதானா சாமி?" என்று கேட்டாள். அவர் முகம் கறுத்துவிட்டது. "சர்க்காரு சொல்லச் சொன்னத நான் சொன்னேன். ஆனா சொன்ன வாய் என் வாய். இனிமே இந்த வாய் சும்மா இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சும்மா இருக்கவில்லை. சுற்றுப்பட்டியில் பட்டாளத்திலிருந்து வந்தவர்களையெல்லாம் திரட்டி இந்தச் சங்கத்தை ஆரம்பித்தார். அவர்களைச் சர்க்கார் அதிகாரியிடம் அழைத்துப் போனார். ஊர் வழக்கத்தில் சர்க்கார் தலையிடாது என்றார் அதிகாரி. "பர்மாக்காரன் ஊருல தலையிட மட்டும் எங்க ஆளுக காலு வேணுமோ?" என்று இவர் கேட்டார். சேவகர்கள் வெளியே தள்ளினார்கள். ஊரில் அவருக்கு நாவிதரும் வரக்கூடாது, வண்ணாரும் வரக்கூடாது என்று நாட்டாண்மை கட்டுப்பாடு போட்டார். சுபேதார் நடுத்தெருவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தானே சவரம் செய்துகொண்டார். "வேடிக்கை பாக்குறவுக பாத்துக்கங்கப்பா, நாளைக்கும் உண்டு" என்றார்.

அவருக்கு நம் ஆட்கள் மேலும் கோபம் இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது. ஒரு சந்தை நாளில் எல்லோரையும் பூட்ஸ் போடச் சொல்லி, வரிசையாக நிறுத்தி நடத்திக்கொண்டு வந்தார். மேலத்தெரு முக்கு வந்தது. யாரும் தடுக்கவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் குனிந்து பூட்ஸைக் கழற்றினார்கள். நானும் பழக்கத்தில் குனிந்து அப்பாவின் வாரில் கை வைத்துவிட்டேன்.

"எவன்டா உங்களுக்குக் குனியச் சொல்லி ஆர்டர் குடுத்தான்?" என்று சுபேதார் கத்தினார். அவர் மட்டும் பூட்ஸோடு நடந்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் அந்தத் தெருவில் பூட்ஸோடு நடந்ததை அவர் கடைசி வரைக்கும் பார்க்கவில்லை.

துட்டிக்குப் போன அன்று முக்கில் நாட்டாண்மையின் ஆள் நின்றான். நம் ஆட்கள் தயங்கினார்கள். "சாவு வீட்டுக்குப் போறப்ப சண்டை எதுக்கு? மரியாதைன்னு நெனச்சுக் கழட்டிருவோம்" என்று யாரோ சொன்னார்கள். காத்தான் மாமா குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். அப்பா என் தோளில் கை வைத்தார். நான் குனிய வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

நான் குனியவில்லை.

"கழட்டு பாப்பா" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகு வளையவில்லை.

"என்ன, காதுல விழலையா?" என்றான் அந்த ஆள்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்து, "கழட்டச் சொல்லி எங்களுக்கு ஆர்டர் இல்லைங்க" என்றார். என் தோளைப் பிடித்தபடி நடந்தார். மரக்கால் டக் டக்கென்று கேட்டது. காத்தான் மாமா அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டினார். பின்னால் எல்லாப் பூட்ஸும் வந்தன. சுபேதாரின் சம்சாரம் அழுத முகத்தோடு வாசலுக்கு வந்து, "வாங்கப்பா. ஒங்க சுபேதாரப் பாக்க வர இம்புட்டு நாளாச்சா?" என்றார்.

மறுநாள் காலையில், நாங்கள் நடந்த இடம் முழுவதும் தீட்டென்று சாணி கரைத்துத் தெளித்தார்கள். அதைச் செய்யச் சொன்ன நாட்டாண்மைதான் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து அவரைத் தங்கமான மனுசர் என்று பேசப்போகிறார்.

சுபேதார் என்னிடம் நேராக ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அவருடைய மெடலும் தொப்பியும் அவர் வீட்டில் இருக்கட்டும். அவருடைய கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கும் மேலத்தெரு வழியாகத்தான் வர வேண்டும். தெளிக்கிறவர்கள் சாணியைக் கரைத்து வைத்துக்கொள்ளட்டும். அப்பா நடந்து வருவார். என் கை இரண்டும் சும்மாதான் இருக்கும்.