கனகாவின் இரண்டாவது பிராது

அறை வாங்கிய கன்னத்தைக் கனகா இன்னும் தடவிப் பார்ப்பதுண்டு.

செராமிக் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் டாக்டர் குருமூர்த்தியின் ஆஸ்பத்திரி. அங்கே தியேட்டர் நர்ஸ் அவள். புது ஆபரேஷன் விளக்கு வந்த வாரம், கருவேப்பிலங்குறிச்சிப் பெண் ஒருத்தியின் ஆபரேஷன் நடுவில் மானிட்டரில் இதயக் கோடு தாறுமாறாகத் துள்ளியது. பயந்துபோய்ப் பாதியில் தையல் போட்டார்கள். வெளியே சொந்தக்காரர்கள் கத்தினார்கள்.

"நெஞ்சுல வயர் ஒட்டுனது இவதான். ஒழுங்கா ஒட்டத் துப்பில்ல."

குருமூர்த்தி இப்படிச் சொல்லிக் கைகாட்டியதும் அந்தப் பெண்ணின் அண்ணன் கனகாவை அறைந்தான். குருமூர்த்தி கைகட்டி நின்று பார்த்தார்.

அன்றிலிருந்து தியேட்டரில் பழைய விளக்குதான் எரிந்தது. தியேட்டரிலிருந்து விலக்கப்பட்ட கனகா ரத்தத் துணி அலசினாள். தன் கைதான் தவறியதோ என்று அவளே நம்பத் தொடங்கினாள். ஆனால் அந்தக் கட்டிய கைகளை மறக்க முடியவில்லை. மணவாளநல்லூர் கோயிலுக்குப் போய், 'அடிக்கவிட்டு வேடிக்கை பார்த்தவரை நீயே கேள்' என்று கொளஞ்சியப்பர் சாமிக்கு வெள்ளைத்தாளில் பிராது எழுதி வேலில் கட்டினாள்.

ஆடியில் குருமூர்த்திக்கே குடலிறக்க ஆபரேஷன், அதே தியேட்டரில். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்து, முழு நினைவோடு கிடந்தார். ஆள் குறைவென்று கனகாவைக் கூப்பிட்டிருந்தார்கள். வெளிச்சம் போதவில்லை என்றார் வெளியூர் சர்ஜன். கனகா புது விளக்கைப் போட்டாள். கோடு துள்ளியது.

மயக்க டாக்டர் பிரபாகரன் பதறினார். "ஹார்ட் சரியில்ல. சிஸ்டர், ஊசிய எடுங்க."

கனகா மருந்தை உறிஞ்சினாள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த குருமூர்த்தி ஊசியைக் கண்டதும் அலறினார்.

"வேணாம்! ஹார்ட்டுக்கு ஒண்ணுமில்ல. லைட்டோட மின்காந்த அலை மானிட்டர்ல ஏறுது. வித்தவன் அப்பவே சொன்னான்... அணை கனகா!"

சுவிட்சு அவள் கையருகில் இருந்தது.

"வயர் நாந்தான் ஒட்டுனேன் சார். எனக்குத்தான் துப்பில்லையே?"

"ஒன் மேல தப்பில்லம்மா! லைட்டுதான்!"

"வெளிய ஒக்காந்திருக்கறவங்களுக்குக் கேக்கல சார்."

அவர் மறுபடி கத்தினார். தொண்டை கிழிந்த பிறகே அணைத்தாள். கோடு அடங்கி ஒழுங்காக ஓடியது.

சாயங்காலம் புருஷன் சாமிதுரை வண்டியோடு வந்தான். "கேட்டது நடந்துபோச்சு. கோயிலுக்குப் போயி ராஜினாமா குடுத்து பிராத வாபஸ் வாங்கிடு. அதான மொற?"

"வாங்கிடறேங்க. அது வேடிக்க பாத்ததுக்குக் கட்டுனது." கனகா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "வழியில ஒரு வெள்ளத்தாளு வாங்கணும். தெரிஞ்சே என் மேல பழியப் போட்டானே, அதுக்கு இன்னும் கட்டல."